சேப்பாக்கம் நூலகத்தில் நம்ம ஏரியாவைத் தேடுவது எப்படி? அரசு ஆவணங்கள், நினைவுக் காட்சிகள் பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கூடமாட உதவி செய்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள், காசிமேட்டுக்காரர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அரசாங்கத் தாள்களை நாம் பார்க்க முடியுமா, எங்கே போகவேண்டும், போனால் என்ன கேட்கவேண்டும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று இதைத் தொகுத்தேன். சேப்பாக்கம் நூலகம் என்று நான் சொல்வது சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அரசு ஆவணம்னா என்னண்ணா? பட்டா, ரேஷன் கார்டு மாதிரியா?

அவை உங்கள் பெயருக்கு அரசு கொடுக்கும் தாள்கள். இங்கே பேசுவது எல்லாருக்குமாக அரசு அச்சிட்டு வெளியிடும் தாள்களைப் பற்றி. அரசிதழ் எனப்படும் கெஜட், ஜி.ஓ. எனப்படும் அரசாணைகள், சென்சஸ் தொகுதிகள், துறைகள் ஆண்டுதோறும் எழுதும் நிர்வாக அறிக்கைகள், விசாரணைக் குழு அறிக்கைகள், பட்ஜெட் புத்தகங்கள், மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் இதில் சேரும்.

கெஜட்டுக்கும் வடசென்னைக்கும் நெருக்கம் அதிகம். 1832-ல் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு அரசிதழ். அரசு மைய அச்சகம் இருப்பது தங்கசாலையில், ஒரு காலத்தில் நாணயம் அடித்த வளாகத்தில். 'கெஜட்டெல்லாம் நமக்கு எதுக்கு' என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். நாட்டு நடப்பை எழுதிய தாள் நம் தெருக்கோடியில் அச்சாகி, கோட்டைக்கும் நூலகத்துக்கும் போயிருக்கிறது. போய்ப் பார்க்க நமக்குத்தான் தயக்கம்.

நான் காலேஜ் ஸ்டூடண்ட் இல்ல. என்னை உள்ள விடுவாங்களா?

பல்கலைக்கழக நூலகம் முதலில் அதன் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது. வெளியாட்கள் நூலகரிடம் அனுமதி கேட்கவேண்டும். ஆதார் போன்ற அடையாள அட்டையோடு ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் யார், எதைப் பற்றித் தேடுகிறீர்கள், எந்த ஆண்டுகள், எந்த வகை ஆவணம் என்பது அதில் இருக்கட்டும். வேறு கல்லூரி மாணவர் என்றால் கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றும் துறைத் தலைவர் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

'சும்மா பார்க்கணும்' என்று கேட்பதற்கும், '1921-ல் பெரம்பூர் மில் வேலைநிறுத்தம் பற்றிய சட்டசபை விவாதம் பார்க்கணும்' என்று கேட்பதற்கும் கவுண்டரில் கிடைக்கும் பதில் வேறுவேறாக இருக்கும். பயந்து பயந்து கேட்கவேண்டிய விஷயமில்லை இது. நம்மைப் பற்றி, நம் வரிப்பணத்தில் எழுதிய தாள்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து எப்படிப் போறது?

மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் போகலாம். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எல்லாம் அதே தடம்தான். மின்சார ரயிலில் வருபவர்கள் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறிச் சேப்பாக்கத்தில் இறங்கலாம்.

கன்னிமரா இருக்கு, எழும்பூர்ல ஆவணக் காப்பகம் இருக்கு, அப்புறம் பல்கலைக்கழக நூலகம். எதுக்கு எங்க போகணும்?

அச்சாகி வெளிவந்தது நூலகத்தில் இருக்கும். அலுவலகத்துக்குள்ளேயே எழுதப்பட்டு நின்றுவிட்ட கோப்பு ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கை வேண்டுமென்றால் நூலகம் போங்கள். அந்தக் குழுவை அமைக்கலாமா வேண்டாமா என்று அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் வேண்டுமென்றால் எழும்பூர் போகவேண்டும். அங்கே விண்ணப்பித்து, ஆய்வாளராகப் பதிந்து, அனுமதி பெற்றுத்தான் கோப்பு கேட்க முடியும். அதனால் முதலில் நூலகம், பிறகு காப்பகம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அச்சில் வந்ததைப் படித்தவருக்குத்தான் எந்தக் கோப்பைக் கேட்பது என்று தெரியும்.

கன்னிமரா 1896-ல் திறந்த பொது நூலகம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய செய்தித்தாளுக்கும் அதுவே நல்ல இடம். பல்கலைக்கழக நூலகமும் முதலில் கன்னிமராவுக்குள்தான் இருந்தது. சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது 1936-ல். அப்போது நூலகராக இருந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-ல் கணித ஆசிரியர் வேலையை விட்டு இந்தப் பொறுப்புக்கு வந்தவர், அந்தப் பதவியில் இருந்தபடிதான் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் கோலன் பகுப்பு முறையை உருவாக்கி 1933-ல் வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவர் வகுத்த முதல் விதி. அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைப்பதே நூலகர் வேலை என்று நினைத்த காலத்தில் அப்படிச் சொன்ன மனிதர் உட்கார்ந்த இடத்துக்குத்தான் நாம் போகிறோம்.

வாசல்ல கண்ணாடிப் பெட்டியில பழைய பேப்பரெல்லாம் வெச்சிருக்காங்களே, அது அலங்காரத்துக்கா?

இல்லை. ஒரு நாளை நினைவுகூர நூலகம் தன் சேகரிப்பிலிருந்து சிலவற்றை வெளியே எடுத்து வைக்கும். இதை நினைவுக் காட்சி என்பார்கள். நூலகங்கள் பொதுவாக நூலகர் தினமான ஆகஸ்ட் 12, சென்னை தினமான ஆகஸ்ட் 22, அரசியலமைப்பு தினமான நவம்பர் 26 போன்ற நாட்களை ஒட்டி வைப்பது வழக்கம். போகுமுன் எந்தக் காட்சி எத்தனை நாளுக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் படத்தைப் பார்த்து, அட்டையைப் படித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. பெட்டியில் இருப்பது ஒரு தொகுதியின் ஒரே ஒரு பக்கம். மீதி முந்நூறு பக்கம் உள்ளே அலமாரியில் இருக்கிறது. அட்டையில் சின்ன எழுத்தில் தொகுதியின் தலைப்பு, ஆண்டு, நூலக எண் ஏதாவது இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு குறிப்புதவிப் பகுதிக்குப் போய், 'வெளியில் வைத்திருப்பதன் முழுத் தொகுதியைப் பார்க்கலாமா? அதற்கு முந்தைய ஆண்டு இருக்கிறதா?' என்று கேளுங்கள். காட்சி வைத்தவர் பெரும்பாலும் அங்கேயே வேலை பார்ப்பவராக இருப்பார். தான் தேடி எடுத்து வைத்ததைப் பற்றி ஒருவர் வந்து கேட்டால் அவருக்கும் சந்தோஷம்.

பெட்டியில இருக்கிறது ஒரிஜினலா, நகலா?

அட்டையைப் பாருங்கள், எழுதவில்லை என்றால் கேளுங்கள். அரசியலமைப்பு தினத்தில் இந்தக் குழப்பம் அதிகம். படங்களோடும் கையெழுத்துகளோடும் பெரிய புத்தகமாக வைத்திருப்பார்கள். அம்பேத்கர் கையெழுத்தைப் பார்த்ததும் மூலப்பிரதி என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். மூலப்பிரதி டெல்லியில் நாடாளுமன்ற நூலகத்தில், நைட்ரஜன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் இருக்கிறது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதி, நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் அலங்கரித்த அந்தப் பிரதியை டேராடூனில் நில அளவைத் துறை அச்சகம் கல்லச்சில் 1,000 பிரதிகள் எடுத்தது. அதற்குப் பிறகும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. நூலகங்களில் நாம் பார்ப்பவை அந்த வகை.

நகல் என்பதால் மட்டம் இல்லை. அந்தக் கையெழுத்துப் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள் யார் யார் என்று தேடுவதற்கே ஒரு மதியம் போதாது.

லைட்டை ஏன் இவ்ளோ மங்கலா வெச்சிருக்காங்க?

வெளிச்சம் பட்டால் பழைய தாளும் மையும் வெளுத்துவிடும். அதனால் உலகெங்கும் தாள் ஆவணக் காட்சிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டித்தான் விளக்கு வைப்பார்கள். ஃபிளாஷ் வேண்டாம் என்பதும் அதற்காகத்தான். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழில் செய்த தாள் வந்தது. அதில் உள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. நம் கடற்கரை ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தொகுதி கையில் கிடைத்தால் எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், பேனா வேண்டாம், பென்சிலில் குறிப்பெடுங்கள்.

ஜி.ஓ.வைக் கையில குடுத்தாங்க. தலையும் புரியல, வாலும் புரியல. எப்படிப் படிக்கிறது?

மேலே 'சுருக்கம்' என்று ஒரு பத்தி இருக்கும். எந்தத் துறை, எதைப் பற்றி, என்ன முடிவு என்பது அதிலேயே வந்துவிடும். அதன் கீழே துறையின் பெயர், அரசாணை எண், நாள். எண்ணுக்கு முன் அடைப்புக்குறியில் 'நிலை' என்று இருந்தால் கொள்கை முடிவு போன்ற நிலைத்து நிற்கும் ஆணை. 'வாலாயம்' என்றால் வழக்கமான அன்றாட ஆணை. தமிழ் ஆணைகளில் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். அதில் 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

அடுத்து 'படிக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல். இந்த ஆணைக்கு முன் வந்த ஆணைகள், கடிதங்கள் எல்லாம் எண்ணோடும் நாளோடும் அதில் இருக்கும். விஷயத்தின் முன்கதை அங்கேதான். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்த் தேடினால் ஐந்தாறு ஆணைகளில் ஒரு பாலமோ பள்ளிக்கூடமோ எப்படி வந்தது என்பது முழுசாகக் கிடைத்துவிடும். கடைசியில் 'பெறுநர்' பட்டியல். அதைப் பலர் படிப்பதே இல்லை. இந்த ஆணையின் பிரதி எந்தெந்த அலுவலகங்களுக்குப் போனது என்பது அதில் இருக்கிறது. ஒரு இடத்தில் கிடைக்கவில்லை என்றால் அடுத்து எங்கே கேட்கலாம் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

இன்னொன்று. 'ஜி.ஓ. நம்பர் 142' என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு ஆண்டும் 1-லிருந்து தொடங்குவதால் 142 எத்தனையோ இருக்கும். எண், துறை, நாள் மூன்றும் இருந்தால்தான் அது முகவரி.

முதல் தடவை போறேன். எதுல ஆரம்பிக்கட்டும்?

சென்சஸில் ஆரம்பியுங்கள். 1871-ல் எடுத்த கணக்கெடுப்புக்கு டாக்டர் கார்னிஷ் எழுதிய சென்னை மாகாண அறிக்கை நல்ல தொடக்கம். அப்போது நகரத்தின் மக்கள்தொகை 3,97,552. 1901-ல் 5,09,346. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே 1876–78 பஞ்சம், துறைமுகம் கட்டியது, பெரம்பூரில் மில்கள் வந்தது எல்லாம் இருக்கிறது. 1961 கணக்கெடுப்பில் சென்னை நகரத்தின் குடிசைப் பகுதிகளைப் பற்றித் தனித் தொகுதியே போட்டார்கள். வடசென்னைக்காரர்கள் அதை அவசியம் பார்க்கவேண்டும்.

'சென்சஸில் எங்க தாத்தா பேரு இருக்குமா?' என்று உடனே கேட்பார்கள். இருக்காது. வீட்டு வாரியாக எழுதிய படிவங்கள் சட்டப்படி ரகசியம். வெளியே வருவது கூட்டுத்தொகை மட்டும்.

எங்க ஊர் பேரைத் தேடினேன், ஒண்ணுமே வரல. எங்களைப் பத்தி எழுதவே இல்லையா?

எழுதியிருக்கிறார்கள். ஒன்று, பழைய எழுத்துக்கூட்டல். திருவொற்றியூர் பழைய ஆங்கிலத் தாள்களில் 'ட்ரிவட்டோர்' என்பது போல இருக்கும். காசிமேட்டை 'காசிமோட்' என்று எழுதியிருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, காதில் விழும் விதத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல்களை முன்னதாகவே எழுதிக்கொண்டு போங்கள். 1969-க்கு முன் மாநிலம் மெட்ராஸ், 1996-க்கு முன் நகரமும் மெட்ராஸ்.

இன்னொன்றுதான் பெரும்பாலோர் தடுமாறும் இடம். மாவட்டம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் தேடுபவர்கள் மெட்ராஸ் நகரத் தொகுதியைப் புரட்டிப் பயனில்லை, செங்கல்பட்டு மாவட்டத் தொகுதியைக் கேளுங்கள். 1997-ல் செங்கல்பட்டைப் பிரித்தபோது அந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்போது மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018-ல். ஆக, ஒரே தெருவுக்கு மூன்று மாவட்டங்களில் தாள் இருக்கலாம். இதற்கும் முன்னால் போனால் கதை இன்னும் சுவாரசியம். தண்டையார்பேட்டை 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன ஊர். திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம் ஐந்தும் 1708-ல் சேர்ந்தவை. நுங்கம்பாக்கத்தோடு ஒரே பட்டியலில் நம் வியாசர்பாடி இருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

எங்க ஏரியாவை குடிசைப் பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சதா சொல்றாங்க. அது எங்க இருக்கும்?

1971-ம் ஆண்டுக் குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கையாக இருக்கும். 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985-ல் மேலும் 17. இவை அரசிதழில் வந்தவை. அந்த ஆண்டுகளின் கெஜட் தொகுதியைக் கேட்டு, பகுதிப் பெயரோடு தேடுங்கள். இன்றைய நகர் பெயர் அன்றைக்கு வேறாக இருந்திருக்கலாம். வயதான ஒருவரிடம் பழைய பெயரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அந்தப் பட்டியலில் இல்லாததாலேயே எத்தனையோ பகுதிகள் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாமல் நின்றிருக்கின்றன. வெறும் ஊர்ப் பெயர் வரிசை என்று அதைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள்.

என் தாத்தா பின்னி மில்லுல வேலை பார்த்தாரு. அவரைப் பத்தி ஏதாவது கிடைக்குமா?

இதைக் கேட்காத குடும்பம் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் குறைவு. முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மில்லின் மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல் எல்லாம் கம்பெனியின் தாள்கள், அரசு ஆவணம் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் அவற்றைத் தேடவேண்டாம்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி, தொழில் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசு வெளியிடவேண்டியிருந்தது. அவை அரசிதழில் வந்திருக்கின்றன. வேலையிலிருந்து நீக்கப்பட்டு வழக்குப் போட்ட தொழிலாளியின் பெயர், பிரிவு, எத்தனை வருடம் வேலை பார்த்தார், நிர்வாகம் சொன்ன குற்றச்சாட்டு, அவர் சொன்ன பதில் என்று ஒரு மனிதரின் வாழ்க்கையே அதில் இருக்கும். 'தாத்தாவை ஒருதரம் நிறுத்திட்டு மறுபடி சேர்த்துக்கிட்டாங்க' என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டானால், எந்த ஆண்டு என்று தோராயமாகக் கேட்டுக்கொண்டு அந்த ஆண்டையும் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் புரட்டுங்கள்.

பெயர் கிடைக்காவிட்டாலும் காலம் கிடைக்கும். 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதன் தலைவர் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாரும் அன்றைய அரசுத் தாள்களில் வருகிறார்கள். வாடியாவின் மேல் கம்பெனி போட்ட வழக்குதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பி, 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. 1921 வேலைநிறுத்தமும் அப்போது புளியந்தோப்பில் நடந்த கலவரமும் சட்டசபையில் பேசப்பட்டிருக்கின்றன. அந்த விவாதத் தொகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நின்றவர்களும், ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததைப் பற்றிக் கேட்டவர்களும் அதே அவையில் பேசினார்கள். ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு 'கண்டுபிடிச்சுட்டேன்' என்று வந்துவிடாதீர்கள். தொழிலாளர் நிலையை விசாரித்து 1931-ல் வந்த விட்லி ஆணைய அறிக்கையையும், அதற்குச் சென்னையில் கொடுத்த சாட்சியங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேலை நேரம், கூலி, வீடு என்று அந்தக் கால மில் வாழ்க்கை கண்முன் வரும்.

எங்க நிலத்தைக் கம்பெனிக்காக எடுத்தப்ப அரசாங்கம் எங்களுக்குச் சொல்லவே இல்லன்னு அப்பா சொல்றாரு. கெஜட்டுல வந்திருக்குமா?

எண்ணூர், மணலி பக்கத்திலிருந்து வரும் கேள்வி. 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்திருந்தால் 4(1) பிரிவு அறிவிக்கை, பிறகு 6-ம் பிரிவு விளம்புகை (நிலம் எடுப்பதை உறுதி செய்யும் அறிவிப்பு) என்று இரண்டு வந்திருக்கவேண்டும். இரண்டிலும் கிராமம், சர்வே எண், பரப்பு இருக்கும். மணலி சுத்திகரிப்பு ஆலை நிறுவனம் 1965-ல் தொடங்கியது. அந்த ஒட்டுமொத்தத் தொழிற்பகுதிக்கும் 1960-களின் கெஜட்டுகளை, மேலே சொன்னபடி செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் தேடவேண்டும்.

சர்வே எண் இல்லாமல் போகாதீர்கள். கிராமப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கண் பூத்துப்போகும்.

நினைவுக் காட்சியில ஒரு தேதி போட்டிருக்காங்க, ராயபுரம் ஸ்டேஷன்ல வேற தேதி சொல்றாங்க. எதை நம்புறது?

இரண்டும் சரியாக இருக்கலாம். ராயபுரம் நிலையத்தைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தது 1856 ஜூன் 28. வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கு ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1. ஒருவர் விழாவை எழுதுகிறார், இன்னொருவர் ஓட்டத்தை எழுதுகிறார். அரசியலமைப்பும் அப்படித்தான். ஏற்றது 1949 நவம்பர் 26, உறுப்பினர்கள் கையெழுத்திட்டது 1950 ஜனவரி 24, நடைமுறைக்கு வந்தது ஜனவரி 26. தேதி மோதினால் 'எது நடந்த தேதி இது?' என்று கேளுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி கஷ்டமானது. தாளில் இருப்பதும் ஊரில் சொல்வதும் மோதும்போது தாள்தான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசுத் தாளை எழுதியவர் ஓர் அதிகாரி. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. எண்ணெய் எவ்வளவு எரிந்தது, யார் இறந்தார்கள், என்ன நடவடிக்கை என்பதை அரசுத் தாள் எழுதும். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும், 'எம்டன்' என்பது தமிழில் கெட்டிக்காரனுக்குப் பெயரானதும் வீடுகளில்தான் தங்கியது. உயர்நீதிமன்றச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, தாளையும் படித்துவிட்டு, பாட்டி சொன்னதையும் எழுதி வையுங்கள்.

பேரு மாத்தின கெஜட்டைத் தொலைச்சுட்டேன். அங்க கிடைக்குமா?

தேதி தெரிந்தால் பார்க்கலாம். பெயர் மாற்ற விளம்பரங்கள் அரசிதழின் 6-ம் பாகம், 4-ம் பிரிவில் வரும். வேலைக்கு அல்லது பாஸ்போர்ட்டுக்கு வேண்டுமானால் எழுதுபொருள் அச்சுத் துறையையே அணுகுங்கள். சமீப ஆண்டு இதழ்கள் அத்துறையின் இணையதளத்திலேயே இருக்கின்றன. மத்திய அரசின் கெஜட் 2015 அக்டோபர் முதல் முழுக்க மின்வடிவில்தான் வருகிறது.

நூலகத்துல எடுத்த ஜெராக்ஸ் கோர்ட்டுல செல்லுமா?

அது உங்களுக்கு வழிகாட்டும் தாள், சான்றிட்ட நகல் இல்லை. எந்த அலுவலகத்தின் பொறுப்பில் மூலம் இருக்கிறதோ அங்கே கட்டணம் கட்டி, முத்திரையும் கையெழுத்தும் போட்ட நகல் வாங்கவேண்டும். அதை எங்கே கேட்பது என்பதற்குத்தான் எண், துறை, நாள் மூன்றையும் குறிக்கச் சொன்னேன். வழக்கு நடக்கிறது என்றால் வக்கீலிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடலாமா?

நூலக விதி வேறு, காப்புரிமை வேறு. படம் எடுக்க நூலகத்தில் அனுமதி கேட்டே ஆகவேண்டும். காப்புரிமையைப் பொறுத்தவரை, 1957 சட்டப்படி அரசிதழில் வந்ததை மறுபடி வெளியிடுவது மீறல் ஆகாது. சட்டங்களை மட்டும் விளக்கத்தோடு வெளியிடவேண்டும். மற்ற அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1950-களின் அறிக்கை என்றால் கவலை இல்லை.

சட்டம் அனுமதித்தாலும் ஒன்றைப் பாருங்கள். பழைய தாள்களில் ஆட்களின் சாதி, வழக்கு, நோய் எல்லாம் பெயரோடு இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

தேடினது எங்கயுமே இல்லைன்னா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு, சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் தரவேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'எங்கள் ஏரியா பற்றிய எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. நூலகத்தில் ஒரு ஆணையைப் பார்த்து, அதன் 'படிக்கப்பட்டவை' பட்டியலில் உள்ள 3-வது கடிதத்தின் நகல் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மழுப்ப இடம் இருக்காது.

நாங்களே எங்க தெருவுல இப்படி ஒரு காட்சி வைக்கலாமா?

வைக்கவேண்டும். மூலத்தாள் எதுவும் வேண்டாம், நல்ல நகல் போதும். வீட்டில் இருக்கும் பழைய மில் டோக்கன், சங்கச் சந்தா ரசீது, துறைமுகப் பாஸ் போன்றவற்றை வாங்கி வைப்பதானால் யாருடையது என்று எழுதி வாங்கி, முடிந்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அட்டை ஒவ்வொன்றிலும் என்ன தாள், எந்த ஆண்டு, எங்கே பார்த்தீர்கள் என்பது இருக்கட்டும். நிகழ்ச்சி தொடங்கிய பெரிய மனிதர்களோடு, அந்தத் தாளில் பெயரில்லாமல் 'கூலிகள்' என்று மட்டும் குறிப்பிட்டிருப்பவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். எழுத்துப் பெரிதாக, பெரியவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு, தமிழில் இருக்கட்டும்.

ஏப்ரல் 27-ஐ ஒட்டிப் பெரம்பூரில் வைக்கலாம், ஜூன் 28-ஐ ஒட்டி ராயபுரத்தில் வைக்கலாம். முடிந்த பிறகு நகல்களைக் குப்பையில் போட்டுவிடாமல், வரிசைப்படி ஒரு கோப்பில் போட்டு, பக்கத்துக் கிளை நூலகத்தில் முன்கூட்டியே பேசி ஒப்படையுங்கள். முதல் பக்கத்தில் எந்த எண் எங்கே கிடைத்தது என்ற பட்டியலை வைத்துவிட்டால், அடுத்து தேடுபவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.